முதலில் பூட்ஸ், அப்புறம் சைலன்சர்

நீளமான பதிவு, கொஞ்சம் கோபமான பதிவும்கூட. திட்டுவதானால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

என்னிடம் பதினோராம் வகுப்பில் இயற்பியல் படித்த ஒருவனுடைய மகன், கல்லூரி இரண்டாம் ஆண்டு, போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பினான். அப்பனுக்கு நான் சார், மகனுக்குத் தாத்தா. செகண்ட் ஹேண்டில் ஒரு எக்ஸ்பல்ஸ் வாங்கியிருக்கிறானாம். மோட்டோகிராஸ் பழகப் போகிறானாம். பட்டியலில் சத்தம் போடும் சைலன்சர், ஏர் ஃபில்டர், இன்ஜின் ரீமேப், ஸ்ப்ராக்கெட், தங்க நிற லீவர், ஸ்டிக்கர் கிட், எல்இடி விளக்கு. எது முதலில் மாற்றலாம் தாத்தா என்று கேள்வி. கடைசி வரியில், "ஹெல்மெட் ஏற்கெனவே இருக்கு." அது டிகிரி காப்பி குடிக்கப் போகும்போது போடும் அரை ஹெல்மெட். படம் கேட்டு வாங்கிப் பார்த்தேன்.

அவன் மேல் எனக்குக் கோபமில்லை. இந்த வரிசையைக் கற்றுக்கொடுத்தவர்கள் மேல்தான் கோபம். அந்தக் கூட்டத்தில் கடைக்காரர்கள் உண்டு, வீடியோ போடும் தம்பிகள் உண்டு, நம் உறவுக்காரர்களும் உண்டு.

வாத்தியாருக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். என் தங்கை மகன் ஆறேழு வருடமாக மண் பாதையில் ஓட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் கூடப் போய் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். கரிவரதன் பெயரில் செட்டிபாளையத்தில் பந்தயப் பாதை உள்ள ஊர் இது. கோயம்புத்தூர்க்காரனிடம் வண்டி ஓட்டாதே என்று சொல்லும் ஆள் நானில்லை. ஓட்டட்டும். எதைப் போட்டுக்கொண்டு ஓட்டுகிறான் என்பதுதான் என் கேள்வி.

மோட்டோகிராஸ் என்பது விழுவதையும் சேர்த்த விளையாட்டு. நீச்சல் பழகுகிறவன் தண்ணீர் குடிக்கிற மாதிரி, இதில் முதல் வருடம் மண் தின்றே ஆக வேண்டும். மணலில் முன்சக்கரம் மடங்கும், பள்ளத்தில் பின்பக்கம் உதைக்கும், மேட்டில் தாவி இறங்கும்போது கணக்கு தப்பும். நன்றாக ஓட்டுகிறவனும் விழுவான். விழப்போவது தெரிந்த விளையாட்டில், விழாமல் இருக்கும்போது மட்டும் பயன்படும் சாமான்களை முதலில் வாங்குவது என்ன கணக்கு?

பழைய வகுப்பறைக்கே வாருங்கள். 2 மீட்டர் உயரத்திலிருந்து தலை தரையில் மோதுகிறது. மோதும் வேகம் மணிக்கு ஏறக்குறைய 22 கிலோமீட்டர். பெரிய வேகமில்லை, சைக்கிளில் போகிற வேகம்தான். ஆனால் எவ்வளவு தூரத்தில் அது நிற்கிறது என்பதில்தான் உயிர் இருக்கிறது. விழுந்த உயரத்தை நிற்கும் தூரத்தால் வகுத்துப் பாருங்கள். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மாகோல் நசுங்கி, 3 சென்டிமீட்டரில் தலையை நிறுத்துகிறது என்று வைத்துக்கொண்டால் புவியீர்ப்பைப் போல் 67 மடங்கு. அது இல்லாமல் 3 மில்லிமீட்டரில் நின்றால் 667 மடங்கு. அதே தலை, அதே தரை. இடையில் உள்ளது அந்த வெள்ளை நுரை மட்டும்தான். மேலே உள்ள பளபளப்பான ஓடும் அதன் படங்களும் அதற்கு அப்புறம்.

அந்த நுரை நசுங்கினால் திரும்ப எழும்பாது. ஒரு பலத்த அடிக்கு ஒரு ஹெல்மெட். வெளியே கீறல் இல்லாவிட்டாலும் உள்ளே அதன் வேலை முடிந்திருக்கும். அதனால் பழைய பைக் வாங்கு, பழைய பூட்ஸ்கூடப் பார்த்து வாங்கு, பழைய ஹெல்மெட் மட்டும் யார் சும்மா கொடுத்தாலும் வாங்காதே. ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். ஈசிஇ 22.06 தேறியதாக இருந்தால் இன்னும் நிம்மதி. மண் பாதை ஹெல்மெட்டில் தாடை முன்னால் நீண்டிருப்பதைப் பார்த்து அது ஸ்டைல் என்று நினைக்கிறார்கள். ஓட்டுகிறவன் மூச்சு வாங்குவான், அதற்கு இடம். மேலே தொப்பி மாதிரி நீட்டியிருப்பது வெயிலுக்கும், முன்னால் போகிறவன் டயர் வாரி அடிக்கிற மண்ணுக்கும். கண்ணுக்குத் தனியாகக் கண்ணாடி, பட்டை போட்டு இறுக்குகிற மாதிரி. கூலிங் கிளாஸ் இல்லை.

அடுத்தது பூட்ஸ். இங்கேதான் எல்லாரும் என்னோடு சண்டை போடுகிறார்கள். "ஷூ இருக்கே சார்" என்கிறார்கள். புதிதாக ஓட்டுகிறவன் பயந்தால் என்ன செய்வான்? காலை ஊன்றுவான். எக்ஸ்பல்ஸ் மாதிரி வண்டி சுமார் 160 கிலோ. நிஜமான 250 சிசி மோட்டோகிராஸ் வண்டியே 105 கிலோ சுமாருக்கு வரும். அந்த எடை சாய்ந்துகொண்டே, ஊன்றிய காலைப் பின்னால் இழுத்துத் திருகினால் கணுக்கால் என்ன ஆகும் என்று படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. என்னிடம் படித்த ஒருவன் கான்வாஸ் ஷூவோடு பழகப் போனான். விழுந்த வேகம் நடக்கிற வேகம்தான் என்று அவனே சொன்னான். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் போய், உள்ளே கம்பி வைத்தார்கள். இன்றைக்கும் அவனால் சம்மணம் போட்டுப் பந்தியில் உட்கார முடியாது. தங்கை கல்யாணத்தில் மேசையில் தனியாகச் சாப்பிட்டான். அவன் வண்டியில் அப்போதே புது சைலன்சர் இருந்தது.

மோட்டோகிராஸ் பூட்ஸ் போட்டால் முதல் நாள் மரக்கட்டை மாதிரி இருக்கும், கியர் எங்கே என்று காலுக்குத் தெரியாது. அதைச் சொல்லியே கழற்றிப் போடுகிறார்கள். நாலு நாள் போட்டு ஓட்டினால் பழகிவிடும். அந்த விறைப்புக்குத்தான் காசு.

மூன்றாவது முழங்கால் காப்பு, நெஞ்சு, முதுகுக் கவசம். இங்கே ஏமாற்று வேலை அதிகம். சிஇ என்று அச்சடித்த பஞ்சு எங்கும் கிடைக்கிறது. உள்ளே இருக்கும் பட்டையை உருவிப் பாருங்கள். முழங்கை, முழங்காலுக்கு இஎன் 1621-1, முதுகுக்கு 1621-2, நெஞ்சுக்கு 1621-3 என்று எண் இருக்க வேண்டும். பக்கத்தில் லெவல் 1 அல்லது 2. முழங்கால் பட்டையைச் சோதிக்கும்போது 5 கிலோ எடையை ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போடுகிற அளவு அடி கொடுப்பார்கள். பட்டையைத் தாண்டி உள்ளே போகும் விசை சராசரியாக லெவல் 1-ல் 35 கிலோநியூட்டனுக்குள், லெவல் 2-ல் 20-க்குள் இருக்க வேண்டும். முதுகுக்கு அது 18, 9. ஆகவே ஒன்றுக்கும் இரண்டுக்கும் உள்ளது வெறும் விலை வித்தியாசமில்லை. மண் தெறிப்பதைத் தடுக்கிற மெல்லிய பிளாஸ்டிக் சட்டமும் ஒன்று உண்டு. அது கல்லைத் தடுக்கும், விழுந்த அடியைத் தடுக்க அதற்கென்று செய்ததில்லை. கடையில் இரண்டையும் ஒரே கம்பியில் தொங்கவிடுகிறார்கள்.

கழுத்துப் பட்டை வாங்கலாமா என்றும் கேட்கிறார்கள். நல்லதுதான். ஆனால் பூட்ஸும் முழங்கால் காப்பும் வாங்காமல் அதற்குப் போகாதே. கையுறை சின்ன செலவு, யோசிக்காமல் வாங்கு.

இதெல்லாம் போட்டால் ஒன்றும் ஆகாது என்று நான் சொல்லவில்லை. நம் நாட்டின் சி.எஸ். சந்தோஷ் 2021 ஜனவரியில் சவூதி பாலைவனத்தில் டக்கார் பந்தயத்தில் விழுந்தபோது முழுக் கவசத்தில்தான் இருந்தார். தலையில் அடிபட்டு, மருத்துவர்கள் அவரைச் செயற்கை மயக்கத்தில் வைக்க வேண்டி வந்தது. உயிரோடு ஊர் திரும்பினார். முந்தைய வருடம் அதே ஹீரோ அணியின் பாவ்லோ கொன்சால்வெஸ் அதே பந்தயத்தில் இறந்துபோனார். 2021-ல் டக்கார்க்காரர்கள் பைக் ஓட்டுகிற ஒவ்வொருவரும் காற்றுப்பை உள்ள மேலங்கி போட்டே தீர வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். உலகத்தின் கைதேர்ந்த ஓட்டிகளுக்கே அந்த விதி. நம் பையன் தங்க நிற லீவர் கேட்கிறான்.

இப்போது வண்டிக்கு வருகிறேன். வண்டியில் ஒன்றுமே செய்யாதே என்று சொன்னால் நான் வாத்தியார் இல்லை, கிழவன். செய்ய வேண்டியதில் பாதிக்குக் காசே வேண்டாம்.

ஷாக் அப்சார்பரை உன் எடைக்குச் சரி செய். கம்பெனியிலிருந்து வரும்போது யாரோ ஒருவர் எடைக்கு ஸ்பிரிங் வைத்திருப்பார்கள். நம் பிள்ளை 55 கிலோ இருப்பான். டேப், ஸ்பேனர், ஒரு நண்பன் போதும். பின்சக்கரம் தரையில் படாமல் தூக்கி நிறுத்தி, ஆக்ஸிலிலிருந்து மேலே மட்கார்டில் ஒரு குறி வரை அள. பிறகு ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் போட்டு ஏறி உட்கார்ந்து மறுபடி அள. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், ஷாக் மொத்தம் இறங்கக்கூடிய தூரத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும். மோட்டோகிராஸ் வண்டியில் அது 100 மில்லிமீட்டர் பக்கம் வரும். இதைச் செய்யாதவன் எந்த ரீமேப் செய்தாலும் பள்ளத்தில் வண்டி அவனை உதைக்கத்தான் செய்யும். ஸ்பிரிங்கைத் திருகியும் சரியாகவில்லை என்றால் ஸ்பிரிங்கை மாற்று. அது நியாயமான செலவு.

லீவர்களை நின்றுகொண்டு ஓட்டும்போது மணிக்கட்டு வளையாத கோணத்தில் வை. அதன் கிளாம்பை ரொம்ப இறுக்காதே, விழும்போது சுழன்று கொடுத்தால் உடையாது. செயின் தொய்வு பார். ஏர் ஃபில்டரை மாற்றாதே, கழுவு. நம் ஊர்ப் புழுதியில் அது ஒன்றே இன்ஜினுக்கு ஆயுசு. டயர் காற்றைக் குறை. நிஜ மோட்டோகிராஸ் வண்டிக்கு 12 முதல் 15 பிஎஸ்ஐ, கனமான வண்டிக்கு இன்னும் கொஞ்சம் கூட. காசு போட்டே ஆக வேண்டும் என்றால் முள்ளு டயர், கைக்காப்பு, இன்ஜினுக்குக் கீழே தகடு, அகலமான கால்மிதி. அதோடு நிறுத்து.

சைலன்சர்? புதிதாகப் பழகுகிறவன் இன்ஜினில் இருக்கிற சக்தியிலேயே பாதியைத் தொடுவதில்லை. சக்தி திடுமென்று வந்தால் பயந்து பிடியை இறுக்குவான், பத்து நிமிடத்தில் முன்கை கல்லாகிவிடும். சத்தத்தால் பக்கத்துத் தோட்டத்துக்காரர் புகார் கொடுப்பார், கிடைத்த ஒரு மண் பாதையும் பூட்டப்படும். அந்த ஒரு குழாய்க்குக் கொடுக்கிற காசில் சுமாரான ஒரு ஜோடி பூட்ஸ் வந்துவிடும். ஒரு கடையில் இதை நான் சொன்னபோது, "சார், பூட்ஸ் போட்டோல தெரியாதுங்க" என்றார் விற்பனை செய்கிற தம்பி. அவர் பொய் சொல்லவில்லை.

கடைசியாக உறவுக்காரர்களே, உங்களுக்கு. நெஞ்சுக் கவசம் போட்டுக் கிளம்பிய பிள்ளையைப் பார்த்து "என்னடா, ரோபோ மாதிரி" என்று சிரித்தது நீங்கள்தான். அடுத்த ஞாயிறு அவன் அதை வீட்டில் வைத்துவிட்டுப் போனான். "பைக்கே கூடாது" என்று கத்துகிறவர்களும் அதே வேலையைத்தான் செய்கிறீர்கள். ஒளித்து ஓட்டுகிறவன் பூட்ஸை எங்கே ஒளிப்பான்? இன்னொரு பக்கம், பத்தாம் வகுப்பு பாஸானதற்கு கியர் பைக் பரிசு. பதினெட்டு ஆகாதவன் அதை ரோட்டில் ஓட்டி ஏதாவது ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவில் பெற்றவருக்கு மூன்று வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. மூடிய மைதானத்தில், சொல்லித்தர ஆள் வைத்து, சின்ன வண்டியில் பழக்குவது வேறு விஷயம். அதை நான் ஆதரிக்கிறேன்.

ஆனால் அங்கேயும் நம் புத்தி போகாது. பள்ளிச் சீருடை எடுக்கிற மாதிரி, "வளர்ற பையன், ரெண்டு வருஷம் போடட்டும்" என்று ஹெல்மெட்டை ஒரு சைஸ் பெரிதாக எடுக்கிறார்கள். ஆடுகிற ஹெல்மெட் அடி விழும் நேரத்தில் தலையில் இருக்காது. தொளதொள முழங்கால் காப்பு விழும்போது கணுக்காலுக்கு இறங்கியிருக்கும். புருவத்துக்கு ஒரு விரல் மேலே, காதுக்கு மேலாக, பின்மண்டையின் பெரிய பகுதியைச் சுற்றி டேப் வைத்து அளந்து, அந்தச் சென்டிமீட்டருக்கு உரிய சைஸை எடுங்கள். போட்டதும் கன்னம் அமுங்க வேண்டும். தலையை அசைக்காமல் ஹெல்மெட்டை மட்டும் திருப்பிப் பாருங்கள், நெற்றித் தோலும் கூடவே நகர வேண்டும்.

யாருக்காவது வாங்கப் போவதாக இருந்தால் அளவை எழுதி உள்பெட்டியில் அனுப்புங்கள். கடைக்கு நானே கூட வருகிறேன். காலை பத்து மணிக்கு மேல் கூப்பிடவும், அதற்கு முன்னால் நடைபயிற்சியில் இருப்பேன்.