முகமூடியைக் கழற்றியவர் ஒத்துழைக்காதவரா?

சுவிற்சர்லாந்தின் யூரா மலைப்பகுதியில், ஏறத்தாழ 1000 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ள லா ஷோ-து-ஃபோன் மணிக்கூட்டுத் தொழிலால் உலகப் புகழ்பெற்ற நகரம். 2009இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. நொஷாத்தெல் மாநிலத்தில் வாழும் தமிழர்கள் அந்நகரை வேறொரு காரணத்துக்காகவும் அறிந்திருத்தல் வேண்டும். அம்மாநிலத்தின் வலுவிழந்தோர் காப்புறுதிப் பணியகம் அங்கேயே இயங்குகின்றது. நோயினால் உழைக்க முடியாமற்போன ஒருவரின் எஞ்சிய காலம் அங்கிருந்து வரும் ஒரு பிரெஞ்சுக் கடிதத்தில் தங்கியிருக்கிறது.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஏதிலிகளாக வந்த தலைமுறையினர் பலர் உணவகச் சமையலறைகளிலும் துப்புரவுப் பணிகளிலும் இரவுபகலாக உழைத்து முதுமையை நெருங்கியவர்கள். அவர்களுட் சிலரை வாட்டும் நோய்களுள் ஒன்று, உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது. குறட்டை என்று வீட்டார் நகைத்துவிடும் இந்நோயில், மணிக்கு 30 தடவைக்கு மேல் மூச்சுத் தடைப்பட்டால் அது கடுமையானதென மருத்துவம் கணிக்கிறது. அதற்குரிய முதன்மையான சிகிச்சை, இரவு முழுவதும் முகத்தில் அணியும் காற்றழுத்த முகமூடி. அணிந்தவர் பெரும்பாலும் தேறிவிடுகிறார். ஆகவே நோயின் பெயரைச் சொல்லி மட்டும் எவரும் ஓய்வூதியம் பெற்றுவிட முடியாது. உழைக்கும் ஆற்றல் எவ்வளவு குன்றியது என்பதே சட்டத்தின் கேள்வி. வலுவிழப்பு 40 விழுக்காட்டை எட்டாவிட்டால் ஓய்வூதியம் இல்லை. ஏற்கத்தக்க சிகிச்சையை மேற்கொள்வதும் காப்புறுதி பெற்றவரின் கடமையாகும்.

இதுவரை குறைகூற ஏதுமில்லை. அநீதி தொடங்குவது இதற்கு அப்பால்.

சிறிலங்காவின் தடுப்பு முகாம்களில் பெற்றோல் தெளித்த பொலித்தீன் பையைத் தலையில் மாட்டி மூச்சடைக்கச் செய்யும் வதை நெடுங்காலமாக நடந்தது என்பதை மனித உரிமை அமைப்புகள் மீண்டும் மீண்டும் பதிவுசெய்துள்ளன. அவ்வதைக்கு உள்ளான ஒருவர் இருளில், மூக்கையும் வாயையும் மூடும் கருவியுடன் உறங்குவாரா? அவர் நள்ளிரவில் அதைப் பிடுங்கி எறிவதில் வியப்பென்ன? கருவியோ அணிந்த மணித்தியாலங்களைப் பதிவுசெய்கிறது. பிடுங்கி எறிந்த காரணம் அதில் பதிவாவதில்லை. அவரும் வாய்திறவாவிட்டால் கோப்பில் எஞ்சுவது ஒரே வரி: சிகிச்சைக்கு ஒத்துழைக்கவில்லை.

இந்த அவநம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. 2003 அளவில் சுவிஸ் மக்கள் கட்சி "போலி வலுவிழந்தோர்" என்ற சொல்லை அரசியலுக்குக் கொண்டுவந்தது. 2004இல் கூட்டாட்சி உயர்நீதிமன்றம், உடலியற் காரணம் காட்ட முடியாத நாட்பட்ட வலியை மனவுறுதியால் வெல்லலாம் என்ற அனுமானத்தை வகுத்தது. 2011இல் உடலியற் காரணம் அறியப்படாத மிகையுறக்க நோயும் அதே அனுமானத்துக்குள் தள்ளப்பட்டது. உறக்கத்தை மனவுறுதியால் வெல்லலாமாம்! 2015 யூன் 3 அன்று அந்நீதிமன்றமே இவ்வனுமானத்தைக் கைவிட்டது. இடைப்பட்ட பதினொரு ஆண்டுகளில் நிராகரிக்கப்பட்டவர்களின் கோப்புகள் அத்தீர்ப்பினால் தாமாகத் திறக்கப்படவில்லை.

அமெரிக்காவின் முன்னாள் படைவீரர்களுக்கான சட்டத்தை இதனோடு ஒப்பிடலாம். அங்கு 1996இல் வகுக்கப்பட்ட அட்டவணை, பணியோடு தொடர்புடைய இதே மூச்சுத்தடை நோய்க்குக் கருவி தேவைப்பட்டாலே 50 விழுக்காட்டு வலுவிழப்பை வழங்கியது. அதை மாற்றும் யோசனை 2022இல் முன்வைக்கப்பட்டது. அட்டவணையை விட முக்கியமானது அச்சட்டத்தின் ஒரு விதி: சான்றுகள் இருபக்கமும் சமமாக நின்றால் ஐயத்தின் பயன் படைவீரருக்கே உரியது. சுவிஸில் நிலை மறுதலை. பணியகமே உண்மையை ஆராயக் கடமைப்பட்டது எனினும், ஆராய்ந்த பின்னும் ஐயம் நீடித்தால் இழப்பு நோயாளிக்கே. போர் தின்ற உடலுக்கு ஐயத்தின் பயன் எந்நாட்டுச் சீருடை அணிந்திருந்தது என்பதைப் பொறுத்தா அமைய வேண்டும்?

பழியில் ஒரு பங்கு தமிழ்ச் சமூகத்துக்கும் உண்டு. "விசர்" என்ற பட்டத்துக்கு அஞ்சி மனநல வைத்தியரை நாடாத குடும்பங்கள் எத்தனை! பதினான்கு வயது மகளை மொழிபெயர்ப்புக்கு அழைத்துச் சென்று, அவள் முன்னிலையில் தனக்கு நேர்ந்த வதையைத் தந்தை எங்ஙனம் உரைப்பார்? பிள்ளையின் மனத்தைக் காக்க அவர் மௌனம் காப்பார். அம்மௌனமே அவருக்கு எதிரான சான்றாகும். மொழிபெயர்ப்பாளரைக் குடும்பம் முன்கூட்டியே எழுத்தில் கோருதல் வேண்டும். அது நிபந்தனையற்ற உரிமை அன்று. தேவையா இல்லையா என்பதைப் பரிசோதிக்கும் நிபுணரே முதலில் முடிவுசெய்கிறார். 2022 சனவரி முதல் அந்நேர்காணல்கள் ஒலிப்பதிவு செய்யப்படுகின்றன. காப்புறுதி பெற்றவர் தாமாக மறுத்தால் மட்டும் பதிவு இல்லை. மறுப்புப் படிவத்தில் வாசிக்காமல் ஒப்பமிடுவது கையிலுள்ள ஒரே சாட்சியைத் தொலைப்பதாகும்.

இன்னொரு அச்சமும் பரவியுள்ளது: விண்ணப்பித்தால் வதிவிட அனுமதி பறிபோகுமாம். சமூக உதவிப் பணம் வேறு, இது வேறு. சம்பளத்தின் 1.4 விழுக்காடு, தொழிலாளியும் முதலாளியும் சரிபாதியாக, மாதந்தோறும் செலுத்திய காப்புறுதி இது. இதனைப் பிச்சை என எண்ணிக் கூசுவோர் தம் சம்பளச் சீட்டை ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும். ஓய்வூதியம் விண்ணப்பித்து 6 மாதங்கள் கழிந்த பின்னரே தொடங்க முடியும். கூச்சத்தில் கழித்த மாதங்கள் திரும்பி வருவதில்லை.

வீட்டில் பிரெஞ்சு நன்கறிந்த இளையோர் உண்டு. வதைக் கதையை மொழிபெயர்ப்பது அவர்கள் வேலையன்று. கடிதத்தில் உள்ள திகதியை வாசிப்பது அவர்கள் வேலை. நிராகரிக்கும் கருத்துடன் வரும் முன்னறிவித்தலுக்கு ஆட்சேபம் தெரிவிக்க 30 நாட்கள். இறுதி முடிவு வந்தபின் மாநில நீதிமன்றத்துக்கு மேன்முறையிட 30 நாட்கள். அங்கும் தோற்றால் கூட்டாட்சி உயர்நீதிமன்றத்துக்கு இன்னும் 30 நாட்கள். மாநில நீதிமன்றக் கட்டணம் 200 முதல் 1000 பிராங்குகள் வரை. வசதியற்றோர் இலவச சட்ட உதவி கோரலாம். பதிவுத் தபாலை எடுக்காமல் விட்டாலும் 7 நாட்களில் அது கிடைத்ததாகவே கொள்ளப்படும். ஆட்சேபத்தோடு முழுக் கோப்பின் பிரதியையும் கேட்டுப் பெறவேண்டும். குடும்ப வைத்தியரின் கடிதத்தில் நோயின் பெயர் மட்டும் போதாது. எத்தனை மணித்தியாலம் நிற்க முடிகிறது, பகலில் எத்தனை தடவை கண் அயர்கிறது, முகமூடியை ஏன் அணிய இயலவில்லை என்பன அதில் எழுதப்பட வேண்டும்.