வாக்குத் தவறியவன் பையன் மட்டும்தானா?

ஹூஸ்டனுக்கு மேற்கே, கேட்டி பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் நான் கணக்கு எடுக்கிறேன். வெள்ளிக்கிழமை இரவு ஆட்டத்தில் ஒரு பையன் இறங்குவானா மாட்டானா என்பது சில வாரங்களில் என் மதிப்பெண் பதிவேட்டைப் பொறுத்தது. 1984இல் டெக்சஸ் சட்டமன்றம் போட்ட சட்டம் அது. ஒரு பாடத்தில் 70க்குக் கீழே போனால் விளையாட்டு கிடையாது. ராஸ் பெரோ என்ற கோடீஸ்வரர் தலைமையிலான குழு வற்புறுத்தி வந்த சட்டம். அன்றைக்கு ஊர் ஊராகப் பயிற்சியாளர்கள் கொதித்தார்கள். இன்று அல்ஜீப்ராவில் 68 வாங்கியவன் மூன்று வாரமாவது வெளியே உட்கார வேண்டும் என்றால் யாரும் சண்டைக்கு வருவதில்லை. கறாரான விதிதான், ஆனால் எனக்குப் பிடித்த விதி. பையனிடம் என்ன எதிர்பார்க்கிறோம் என்பது எழுத்தில் இருக்கிறது. எந்தத் தேதிக்குள் என்பதும் இருக்கிறது.

அதே பையனைத் தேடி வருகிற கல்லூரிகளுக்கு அப்படி ஒரு கட்டுப்பாடும் இல்லையே என்பதுதான் என் புகார்.

இங்கே ஃபுட்பால் என்றால் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு முட்டி மோதுகிற ஆட்டம். இந்த மாநிலத்தில் அதற்கு இரண்டு பெரிய அரசுப் பல்கலைக்கழகங்கள்: ஆஸ்டினில் டெக்சஸ், காலேஜ் ஸ்டேஷனில் டெக்சஸ் ஏ அண்ட் எம். நடுவில் 170 கிலோமீட்டர் இருக்கும். 1894இலிருந்து பகை. இரண்டு மைதானங்களிலும் லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். ஏ அண்ட் எம் 2012இல் வேறு கூட்டமைப்புக்குப் போய்விட்டதால் ஆட்டமே நின்றுபோனது. 2024 நவம்பர் 30 அன்றுதான் மறுபடி மோதினார்கள்; டெக்சஸ் 17-7 என்று ஜெயித்தது. இடைப்பட்ட வருஷங்களில் மைதானத்தில்தான் ஆட்டம் இல்லை. ஹூஸ்டன், டாலஸ் புறநகர் வீடுகளின் கூடத்தில், சோபாவில், பையனின் அம்மா முன்னால் அது ஒரு வருஷம்கூட விடாமல் நடந்தது.

ஜனவரி வந்தால் எங்கள் பள்ளி அலுவலகத்தில் காலர் வைத்த டி-சர்ட் போட்ட ஆண்கள் வரிசையாக வந்து கையெழுத்துப் போட்டு உள்ளே போவார்கள். காவியும் செங்கல்லும் கலந்த ஆரஞ்சு என்றால் ஆஸ்டின். அரக்குச் சிவப்பு என்றால் ஏ அண்ட் எம். ஒரு நிறம் உள்ளே இருக்கும்போது இன்னொரு நிறம் காரிலேயே காத்திருக்கும். அவர்களில் ஒருவர் என் வகுப்பு வாசல் வரை வந்து, 'அல்ஜீப்ரா டூ எப்படிப் போகிறது?' என்று கேட்டிருக்கிறார். கரிசனம் என்று நினைத்துவிட வேண்டாம். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் கணக்குப்படி பையன் 16 முக்கியப் பாடங்களை முடித்திருக்க வேண்டும். அதில் கணக்கு மூன்று, அல்ஜீப்ரா ஒன்றும் அதற்கு மேலும். அவர் வந்தது அதைச் சரிபார்க்க. பையனின் உயரம், எடை, நாற்பது கெஜம் ஓடும் நேரம், அம்மா வேலைக்குப் போகும் நேரம் எல்லாம் அவருக்கு ஏற்கெனவே அத்துப்படி.

ஆஃபர், அதாவது எங்கள் அணியில் இடம் தருகிறோம் என்ற பேச்சு, ஒன்பதாம் வகுப்பிலேயே ஆரம்பித்துவிடும். போனில் ஒரு பயிற்சியாளர் சொல்வார். பையன் உடனே, கடவுள் அருளால் இன்ன பல்கலைக்கழகத்தின் ஆஃபர் கிடைத்தது என்று இணையத்தில் போடுவான். கூடவே அந்தக் கல்லூரிச் சீருடையில் அவனே நிற்கிற மாதிரி ஒரு படம். அந்தப் படத்தைச் செய்து தருவதற்கென்றே கல்லூரியில் சம்பளத்துக்கு ஆள் இருக்கிறது. ஆஃபருக்கான காகிதத்தைத் தரத்தான் ஆள் இல்லை. விதிப்படி பன்னிரண்டாம் வகுப்புக்கு முந்தைய ஆகஸ்ட் 1 வரை எதையும் எழுத்தில் தரக் கூடாது. அதாவது மூன்று வருஷம் பையன் நெஞ்சில் சுமக்கிற ஆஃபர் முழுக்க வாய்வார்த்தை.

என் மாணவன் ஒருவனுடைய அம்மா பெற்றோர் கூட்டத்துக்குக் கிடங்கு வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். மஞ்சள் மேல்சட்டையைக்கூடக் கழற்றவில்லை. போனில் ஒவ்வொரு படமாகத் தள்ளித் தள்ளிக் காட்டினார். எல்லாவற்றிலும் மகன், ஒவ்வொன்றிலும் வேறு நிறம். கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்: "மிஸ், இதுக்கெல்லாம் காகிதம் எப்ப வரும்?"

எனக்குத் தெரியவில்லை. எங்கள் பள்ளிப் பயிற்சியாளரிடம் கேட்டேன். நல்ல மனிதர், முப்பது வருஷமாக இதையே பார்க்கிறவர். "முதலில் அது கமிட் ஆகக்கூடிய ஆஃபரா என்று கேட்கச் சொல்லுங்கள்" என்றார். சரி என்று சொன்னாலும் இடம் கிடைக்காத ஆஃபரும் உண்டா என்றால், உண்டு. இருக்கிற இடம் இருபதோ இருபத்தைந்தோ. ஆஃபர் போவதோ நூற்றுக்கணக்கில். பையன் சந்தோஷமாகப் போன் போட்டு 'வருகிறேன்' என்பான். 'அவசரப்படாதே, இன்னும் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போ' என்று பதில் வரும். அவனைவிடப் பெரிய ஆள் ஒருவன் முடிவு சொல்லும் வரை இவனை வாசலில் நிறுத்திவைக்கிறார்கள் என்று அர்த்தம். அதை அவனிடம் யாரும் சொல்ல மாட்டார்கள்.

அந்த அம்மாவின் மகன் அந்த வசந்தத்தில் ஒரு கல்லூரிக்கு வாக்குக் கொடுத்தான். எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். மற்றவர்கள் கூப்பிட்டபோது, முடிந்துவிட்டது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டான். நவம்பரில் அவர்கள் போன் செய்தார்கள்: உன் இடத்துக்கு ஆள் நிறைந்துவிட்டது, வேண்டுமானால் அரை வருஷம் தள்ளிச் சேர்ந்துகொள். இதற்கு கிரே ஷர்ட் என்று பெயர் வேறு வைத்திருக்கிறார்கள். அதற்குள் மற்ற கல்லூரிகளிலும் இடம் முடிந்திருந்தது. இப்போது மாநிலத்தின் மேற்கு ஓரத்தில் ஒரு சின்னக் கல்லூரியில் ஆடுகிறான். அவனுக்குச் சொன்ன வார்த்தையை மீறியவர்களைப் பற்றி எந்தப் பத்திரிகையிலும் ஒரு வரி வரவில்லை.

பையன் மீறினால் நிலைமை வேறு. ஆலன் என்ற ஊர்ப் பள்ளியில் கைலர் மர்ரே ஒரு ஆட்டமும் தோற்காமல் மூன்று மாநிலப் பட்டங்கள் வாங்கியவர். ஏ அண்ட் எம்முக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, 2015 ஜனவரியில் ஆஸ்டின் சீருடையில் ஒரு படம் போட்டதற்கே மாநிலம் அல்லோலகல்லோலப்பட்டது. கடைசியில் சொன்ன வாக்குப்படி ஏ அண்ட் எம்முக்குத்தான் போனார். சௌத்லேக் பள்ளியின் குவின் யூவர்ஸ் ஆஸ்டினுக்கு வருவதாகச் சொல்லி, மாற்றிக்கொண்டு ஒஹாயோவுக்குப் போய், 2021 டிசம்பரில் ஆஸ்டினுக்கே திரும்பினார். அந்தப் பையன் வாங்கிய வசவை அச்சில் போட முடியாது. திட்டியவர்கள் எல்லாம் வளர்ந்த மனிதர்கள், பிள்ளை குட்டிக்காரர்கள்.

மனம் மாறுவது குற்றம் என்றால் பெரியவர்களிலிருந்து ஆரம்பிப்போம். 2013 கடைசிக்கும் 2021 தொடக்கத்துக்கும் நடுவில் ஆஸ்டின் அணிக்கு நான்கு தலைமைப் பயிற்சியாளர்கள். ஏ அண்ட் எம்மில் ஜிம்போ ஃபிஷர் 2022இல் திரட்டிய அணியை நாட்டிலேயே முதல் தரம் என்றார்கள். அலபாமாவின் அன்றைய பயிற்சியாளர் நிக் சேபன், மொத்தப் பையன்களையும் காசு கொடுத்து வாங்கிவிட்டார்கள் என்று மேடையில் சொல்ல, ஃபிஷர் மறுநாளே பத்திரிகையாளர்களைக் கூட்டி அவரைக் கிழித்தார். அந்தப் பருவத்தில் அணி ஐந்தில் ஜெயித்து ஏழில் தோற்றது. 2023 நவம்பரில் ஃபிஷரை அனுப்பினார்கள், 7.5 கோடி டாலருக்கு மேல் தர வேண்டிய ஒப்பந்தத்தோடு. அவரை நம்பி வந்த பையன்களில் பலர் மூட்டையைக் கட்டிக்கொண்டு வேறு கல்லூரி தேடினார்கள். பயிற்சியாளருக்கு வேலை போனாலும் சம்பளம் வருகிறது, ஏனென்றால் அவரிடம் எழுதிக் கையெழுத்திட்ட காகிதம் இருக்கிறது.

'நம்ம மாநிலத்துப் பையன் நம்ம மாநிலத்தில்தான் ஆட வேண்டும்' என்ற பேச்சைக் கேட்டால் எனக்குக் கசக்கும். 1960களின் தொடக்கத்தில் போமான்ட் ஊரில் பப்பா ஸ்மித் என்று ஒரு மலை போன்ற பையன் இருந்தார். அப்பாவே பள்ளிப் பயிற்சியாளர். ஆஸ்டின் அணியில் அன்று கறுப்பினத்தவருக்கு இடமில்லை. அவர் ஆயிரம் மைலுக்கு மேல் வடக்கே மிச்சிகன் ஸ்டேட்டுக்குப் போனார். 1967இல் தொழில்முறை அணிகள் ஆள் எடுத்தபோது நாட்டிலேயே முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் அவர்தான். 1969இல் தேசியப் பட்டம் வென்ற ஆஸ்டின் அணியில் களமிறங்கியவர் அத்தனை பேரும் வெள்ளையர். அதற்கு அடுத்த வருஷம்தான் ஜூலியஸ் விட்டியர் முதல் கறுப்பின வீரராக அந்தச் சீருடையில் ஆடினார். உள்ளூர் விசுவாசம் என்பதைக் கல்லூரிகள் தங்களுக்குத் தேவைப்பட்ட பிறகு கண்டுபிடித்தன.

கல்லூரிகள் வாக்கைக் காப்பாற்றியதற்கு இந்த மாநிலத்தில் ஒரு பிரசித்தமான உதாரணம் உண்டு, அதுவும் திருட்டுத்தனமாக. டாலஸில் எஸ்.எம்.யு. பல்கலைக்கழகம் ஆட்டக்காரர்களுக்கு மறைவாகப் பணம் கொடுத்து மாட்டிக்கொண்டது. 1987ஆம் ஆண்டுப் பருவத்தையே என்.சி.ஏ.ஏ. ரத்து செய்தது. அந்த மார்ச்சில் மாநில ஆளுநர் பில் கிளமென்ட்ஸ், தான் பல்கலைக்கழக நிர்வாகக் குழுவின் தலைவராக இருந்தபோது பணம் தொடர்ந்து போக ஒப்புக்கொண்டதாகச் சொன்னார். காரணம்? பையன்களுக்கு ஏற்கெனவே சொல்லியாகிவிட்டதாம், பாதியில் நிறுத்துவது முறையில்லையாம். சிரிப்பதா என்ன செய்வதென்று தெரியவில்லை.

இப்போது பணம் மேசை மேலேயே வந்துவிட்டது. 2021 ஜூலையிலிருந்து ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரை, முகத்தை வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி ஒரு கல்லூரி முதல் வருஷத்தில் சுமார் 2.05 கோடி டாலர் வரை தன் விளையாட்டு மாணவர்களுக்கு நேரடியாகவே தரலாம். நான் இதை எதிர்க்கவில்லை. லட்சம் பேர் டிக்கெட் வாங்கிப் பார்க்கிற ஆட்டத்தில் ஆடுகிறவனுக்கு மட்டும் காசு கூடாது என்பது அநியாயம். ஆனால், 'இப்பதான் பையன்களுக்கு லட்சக்கணக்கில் கிடைக்குதே, என்ன பரிதாபம்?' என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதே உடன்பாடு ஃபுட்பால் அணிக்கு 105 பேர் என்று உச்சவரம்பும் போட்டது. கல்லூரி விட்டுக் கல்லூரி மாற இருந்த தடைகளும் போய்விட்டன. 21, 22 வயதில் உடம்பு முறுகிய ஆட்டக்காரன் சந்தையில் கிடைக்கும்போது பதினெட்டு வயசுக்காரனை வளர்க்கிற பொறுமை எந்தப் பயிற்சியாளருக்கு இருக்கும்? பணம் மேலே இருக்கிற சிலருக்கு. வாய்வார்த்தை ஆஃபர் மீதி எல்லோருக்கும்.

இதைப் படிக்கிற நம்மவர்களுக்கு இந்த அநியாயம் சட்டென்று புரியும் ஒரு வழி உண்டு. கேட்டியிலும் ஃப்ரிஸ்கோவிலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். ஆஸ்டினில் சேர எத்தனை சதவீதம் என்று தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார்கள். 1997இல் வந்த சட்டம்: வகுப்பில் முதல் 10 சதவீதத்துக்குள் வந்தால் மாநில அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் நிச்சயம். ஆஸ்டினில் மட்டும் நெரிசல் காரணமாக அது 6 ஆக இருந்தது. 2026 சேர்க்கையிலிருந்து 5. அந்த மாற்றத்தைக்கூட 2024 செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டார்கள். எந்தப் பள்ளியில் போட்டால் ரேங்க் வரும் என்று பார்த்து வீடு வாங்குகிறவர்கள் நாம். ஒரு வருஷம் அறிவிப்பில்லாமல் 3 சதவீதமாக்கினால் என்ன கூச்சல் போடுவோம்! படிக்கிற பிள்ளைக்கு அதே பல்கலைக்கழகம் சட்டப்படி எழுதித் தருகிறது. அதே பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் ஆட்டக்காரப் பிள்ளைக்குப் போனில் ஒரு வார்த்தை.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் இல்லை. எழுதித் தர அனுமதி இல்லாத காலத்தில் வாயாலும் ஆஃபர் தரக் கூடாது. தருகிற ஆஃபரில் அது எந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்க வேண்டும். அந்தத் தேதிக்குள் பையன் சரி என்றால் இடம் அவனுடையது. கையெழுத்து பயிற்சியாளருடையதாக இல்லாமல் பல்கலைக்கழகத்தின் கையெழுத்தாக இருக்க வேண்டும். பயிற்சியாளர் இடம் மாறினால் இருக்கிறதா போகிறதா என்பதைப் பையன் முடிவு செய்யட்டும். ஆஸ்டின், ஏ அண்ட் எம் இரண்டுமே அரசுப் பல்கலைக்கழகங்கள். அவற்றைக் கட்டுப்படுத்த மாநிலச் சட்டமன்றம் போதும். 70 மதிப்பெண் விதியைக் கொண்டுவந்ததும் அதே சட்டமன்றம்தானே.

அது 2027 ஜனவரியில் மறுபடி கூடுகிறது, 140 நாள். டெக்சஸில் வாக்குரிமை பெற்ற தமிழர்கள் தங்கள் தொகுதி உறுப்பினருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். அதுவரைக்கும், ஆரஞ்சோ அரக்கோ எந்தச் சட்டை போடுகிறவராக இருந்தாலும், மனம் மாறிய ஒரு பள்ளிக்கூடப் பையனின் இணையப் பக்கத்தில் போய்த் திட்டி எழுதாதீர்கள்.