விலையைப் பார்க்குமுன் கணக்கைப் பாருங்கள்

பங்குச் சந்தையில் பதிவு பெற்ற கம்பெனிகள் தங்கள் காலாண்டு முடிவுகளை ஓர் ஆங்கில நாளிதழிலும், தங்கள் பதிவு அலுவலகம் அமைந்த பிரதேசத்தின் மொழியில் வெளிவரும் ஒரு நாளிதழிலும் விளம்பரம் செய்தாக வேண்டும் என்பது, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பு 2024 வரை வைத்திருந்த விதி. அந்த விதியின் பயனாகச் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் பதிவான கம்பெனிகளின் கணக்குச் சுருக்கம் தமிழிலேயே அச்சாகி நம் வீட்டு வாசல் வரை வந்து சேர்ந்தது என்றாலும், அந்தப் பொடி எழுத்துக் கட்டங்களைச் சிரத்தையோடு படித்தவர்கள் மிகச் சிலரே. அதே கம்பெனியின் பங்கு இன்று எத்தனை ரூபாய் ஏறியது என்பதைக் கைப்பேசியில் ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பவர்களோ அநேகர். 2022 ஆகஸ்டில் 10 கோடியைத் தாண்டிய டீமேட் கணக்குகளின் எண்ணிக்கை 2024 மார்ச்சில் 15 கோடியையும் கடந்துவிட்ட இந்தக் காலத்தில், சந்தைக்குள் புதிதாகப் பிரவேசித்திருக்கும் லட்சோபலட்சம் சாதாரணக் குடும்பத்தினர் எதை ஆதாரமாகக் கொண்டு ஒரு பங்கை வாங்குகிறார்கள் என்ற கேள்வி, தனிமனிதர்களின் லாப நஷ்டத்தோடு நின்றுவிடாமல், நாட்டின் சேமிப்பு எந்தத் திசையில் செல்கிறது என்ற பொதுவான கவலையாகவும் ஆகிவிட்டது.

ஒரு கிரவுண்டு மனை வாங்க நினைக்கும் மனிதர் தாய்ப்பத்திரத்தைக் கேட்டு, முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்து, வக்கீலிடம் அபிப்பிராயம் வாங்கி, அதன் பிறகும் ஒருமுறை நேரில் சென்று எல்லைக் கல்லைப் பார்த்துவிட்டுத்தான் முன்பணம் கொடுக்கிறார். அந்த மனிதரே, அதே தொகைக்குப் பங்கு வாங்கும்போது, நண்பர் ஒருவர் வாட்ஸப்பில் அனுப்பிய ஒற்றை வரியைப் போதுமான பிரமாணமாக ஏற்றுக்கொள்கிறார். பத்திரங்கள் கிடைக்காததனால் இப்படி நேருகிறது என்று சொல்வதற்கும் இடமில்லை. கம்பெனியின் ஆண்டறிக்கை, தணிக்கையாளரின் அறிக்கை, பங்குதாரர் விவரம் ஆகிய யாவும் பங்குச் சந்தையின் இணையதளத்தில் காசு செலவில்லாமல் எவருக்கும் கிடைக்கின்றன.

ஆண்டறிக்கையைத் திறப்பவர்களிலும் பெரும்பாலோர் நிகர லாபம் என்ற ஒரே வரியில் கண்ணை நிறுத்திவிட்டு மூடிவிடுகிறார்கள். லாபம் என்பது கணக்குச் சாஸ்திரப்படி மெய்யான ஒன்றுதான். ஆயினும் அது பல உத்தேசங்களின் கூட்டுப் பயன் என்பதை மறந்துவிடலாகாது. சரக்கை அனுப்பிப் பில் போட்டவுடனேயே, பணம் கைக்கு வராவிட்டாலும், அது விற்பனையாகிறது. ஓர் இயந்திரம் எத்தனை வருஷம் உழைக்கும் என்று நிர்வாகம் மதிப்பிடுவதைப் பொறுத்துத் தேய்மானம் கூடுகிறது அல்லது குறைகிறது. எந்தக் கடன் திரும்பும், எது திரும்பாது என்ற யூகத்தைப் பொறுத்து வங்கியின் ஒதுக்கீடு மாறுகிறது. ஆகவே லாபத்தைச் சொல்லும் கணக்கைத் தனியே படித்து எந்த முடிவுக்கும் வருவது உசிதமல்ல. ரொக்கம் எங்கிருந்து வந்து எங்கே சென்றது என்று காட்டும் பணப்புழக்க அறிக்கையையும், சொத்து எவ்வளவு, கடன் எவ்வளவு என்று சொல்லும் இருப்புநிலைக் குறிப்பையும் அதனோடு சேர்த்து வைத்து, மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப் போகின்றனவா என்று பரிசீலிப்பதுதான் முறை.

இந்த மூன்றுமே பொய்யாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்பவர்கள் உடனே சுட்டிக் காட்டுவது ஹைதராபாத்தில் இயங்கி வந்த சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் கம்பெனியைத்தான். 2009 ஜனவரி 7 ஆம் தேதி அதன் தலைவர் ராமலிங்க ராஜு, தம் இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டியிருந்த 5,361 கோடி ரூபாய் ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை என்றும், வர வேண்டிய வட்டியாகக் காட்டிய 376 கோடியும் கற்பனை என்றும், 1,230 கோடி ரூபாய்ப் பொறுப்பு மறைக்கப்பட்டிருக்கிறது என்றும் ஒப்புக்கொண்டார். 2008 செப்டம்பர் காலாண்டில் 2,700 கோடி ரூபாய் வருவாயும் 649 கோடி ரூபாய் செயல்பாட்டு லாபமும் ஈட்டியதாகப் பிரகடனம் செய்திருந்த அந்த ஸ்தாபனத்தின் மெய்யான வருவாய் 2,112 கோடி என்றும், மெய்யான செயல்பாட்டு லாபம் 61 கோடியே என்றும் அவரே எழுதினார். அதாவது நூற்றுக்கு 24 என்று சொல்லப்பட்ட லாப விகிதம் உண்மையில் நூற்றுக்கு 3. சுமார் 179 ரூபாயில் இருந்த பங்கு அன்று ஒரே நாளில் சுமார் 40 ரூபாய்க்கு விழுந்தது. சில மாதங்களுக்கு முன்புதான், 2008 செப்டம்பரில், சிறந்த கம்பெனி நிர்வாகத்துக்கான கோல்டன் பீகாக் விருது அந்தக் கம்பெனிக்கு அளிக்கப்பட்டிருந்தது. அதன் கணக்கில் உலகப் பிரசித்தி பெற்ற தணிக்கை நிறுவனமான பிரைஸ் வாட்டர்ஹவுஸ் கையொப்பமிட்டிருந்தது.

விருதும் கையொப்பமும் காக்கவில்லை என்பது உண்மை. வங்கி இருப்பையே பொய்யாகப் புனைந்தவனை வீட்டில் உட்கார்ந்து ஆண்டறிக்கை படிக்கும் ஒருவர் கண்டுபிடித்திருக்க முடியும் என்று வாதிப்பதும் நியாயமாகாது. ஆனால் சிரத்தையுள்ள வாசகரைத் தயங்க வைக்கக்கூடிய அறிகுறிகள் ஒன்றுமே இல்லை என்பதும் சரியல்ல. 2001 இல் மூலதனத்தில் கால் பங்குக்குக் குறையாமல் இருந்த புரொமோட்டர்களின் பங்கு, 2008 மார்ச்சில் நூற்றுக்கு 9 கூட இல்லாமல் தேய்ந்திருந்தது. செல்வம் கொழிப்பதாகச் சொல்லப்பட்ட ஒரு கம்பெனியை அதன் அதிபர்களே வருஷந்தோறும் கைவிட்டு வந்ததை, பங்குதாரர் விவரம் வெளிப்படையாகவே காட்டிக்கொண்டிருந்தது. 2008 டிசம்பர் 16 ஆம் தேதி, மென்பொருள் தொழில் செய்யும் அந்தக் கம்பெனி, ராஜுவின் குடும்பத்துக்குச் சொந்தமான கட்டுமானத் தொழில் ஸ்தாபனங்களான மேட்டாஸ் கம்பெனிகளைச் சுமார் 160 கோடி டாலருக்கு வாங்கப் போவதாக அறிவித்து, முதலீட்டாளர்களின் ஆட்சேபத்தால் உடனே பின்வாங்கிற்று. அன்றைக்கும் ஜனவரி 7 ஆம் தேதிக்கும் இடையே மூன்று வாரம் இருந்தது. எண்களை நம்புவதா, எண்களை வெளியிடுகிறவரின் நடத்தையை நம்புவதா என்ற தர்மசங்கடம் வரும்போது, நடத்தையின் பக்கம் சாய்வதே விவேகம் என்பதை அந்த மூன்று வாரம் தெளிவாக்கிற்று.

எனினும், சத்யத்தை விடவும் நாம் அதிகமாகச் சிந்திக்க வேண்டிய உதாரணம் யெஸ் வங்கி என்பது என் அபிப்பிராயம்; ஏனென்றால் அங்கே விஷயம் மறைந்து கிடக்கவில்லை, அச்சிட்டு வெளியிடப்பட்டிருந்தது. வங்கிகள் தாமாகச் சொல்லும் வாராக்கடனுக்கும், ரிசர்வ் வங்கி பரிசோதித்துக் கண்ட வாராக்கடனுக்கும் உள்ள வித்தியாசம் பெரிதாக இருந்தால், அதைக் கணக்குக் குறிப்புகளில் வெளியிட வேண்டும் என்று 2017 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அதன்படி வெளிவந்த யெஸ் வங்கியின் அறிக்கையில், 2015-16 ஆம் ஆண்டுக்கு அது சொன்ன மொத்த வாராக்கடன் 749 கோடி என்றும், ரிசர்வ் வங்கியின் மதிப்பீடு 4,926 கோடி என்றும் கண்டிருந்தது. 2017 அக்டோபரில், 2016-17 ஆம் ஆண்டுக்கான கணக்கிலும் 2,018 கோடி என்றது 8,374 கோடியாக இருந்திருக்க வேண்டும் என்று தெரியவந்தது. ஒரு வருஷம் தவறுவதைக் கவனப் பிசகு என்று சமாதானம் சொல்லலாம். இரண்டு வருஷம் தொடர்ந்து, நான்கு மடங்குக்கும் மேலான வித்தியாசத்தோடு தவறுவதற்கு எந்தச் சமாதானமும் பொருந்தாது.

இவ்வளவும் பிரத்தியட்சமாகத் தெரிந்த பிறகு என்ன நடந்தது? நிகர லாபம் 2016-17 இல் 3,330 கோடியாகவும், அடுத்த ஆண்டில் 4,225 கோடியாகவும் வளர்ந்ததைக் கண்டு மகிழ்ந்த சந்தை, அந்தப் பங்கின் விலையை 2018 ஆகஸ்டில் சுமார் 400 ரூபாய் வரை உயர்த்திற்று. வங்கியின் தலைமை அதிகாரியாக இருந்த ராணா கபூரின் பதவிக் காலத்தை நீட்டிக்க ரிசர்வ் வங்கி மறுத்தது அதற்கு அடுத்த மாதம். 2019 டிசம்பர் காலாண்டில் மட்டும் 18,564 கோடி ரூபாய் நஷ்டம் வந்தது. 2020 மார்ச் 5 ஆம் தேதி, டெபாசிட்தாரர்கள் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது என்று தடை விதிக்கப்பட்டது. ஸ்டேட் வங்கி முதலிய வங்கிகள் பங்கொன்றுக்கு 10 ரூபாய் கொடுத்து அதைத் தூக்கி நிறுத்தின; அந்த வங்கி வெளியிட்டிருந்த 8,415 கோடி ரூபாய்க் கடன் பத்திரங்களின் மதிப்பு அடியோடு நீக்கப்பட்டது; நூறு பங்குகளுக்கு மேல் வைத்திருந்தவர்கள் அவற்றில் முக்கால் பங்கை மூன்று வருஷத்துக்கு விற்கவே முடியாமல் போயிற்று. கணக்குக் குறிப்பு வெளிவந்ததற்கும் விலை உச்சிக்குப் போனதற்கும் இடையே ஓராண்டுக்கு மேல் கழிந்தது. படித்தவர்கள் லாபத்தோடு வெளியேறுவதற்கு அத்தனை காலமும் கதவு திறந்தே இருந்தது.

ஆகவே ஓர் ஆண்டறிக்கையை எடுப்பவர், தலைவரின் வண்ணப் படத்தையும் அவருடைய நம்பிக்கை மொழிகளையும் தாண்டி, முதலில் தணிக்கையாளரின் அறிக்கைக்குச் செல்லட்டும். அபிப்பிராயம் நிபந்தனையின்றி வழங்கப்பட்டிருக்கிறதா என்பதையும், 2018-19 முதல் பதிவு பெற்ற கம்பெனிகளின் தணிக்கையாளர்கள் கட்டாயமாக எழுதி வரும் முக்கியத் தணிக்கை விஷயங்கள் எவை என்பதையும் கவனிக்கட்டும். தணிக்கையாளர் நடுவருஷத்தில் விலகியிருந்தால், அதன் காரணம் விளங்கும் வரை ஒரு பைசாவும் போடாதிருக்கட்டும். அடுத்தபடியாக, ஐந்து வருஷத்து நிகர லாபத்தைக் கூட்டி, அதே ஐந்து வருஷத்தில் தொழில் நடத்தியதனால் வந்த ரொக்கத்தையும் கூட்டி, இரண்டையும் அருகருகே எழுதிப் பார்க்கட்டும். வங்கிகளுக்கும் நிதிக் கம்பெனிகளுக்கும் இந்தச் சோதனை பொருந்தாது. மற்றத் தொழில்களில் லாபம் பெருகியும் ரொக்கம் பெருகவில்லை என்றால், பணம் வாடிக்கையாளர்களிடம் கடனாக நிற்கிறதா, கிடங்கில் சரக்காகத் தேங்குகிறதா, அல்லது விற்பனையே ஏட்டளவில் நடந்ததா என்று கேட்டாக வேண்டும். எல்லாக் காலாண்டு முடிவுகளிலும் இந்த ரொக்க விவரம் கிடைப்பதில்லை; அரையாண்டுக்கு ஒரு முறைதான் கம்பெனிகள் அதை வெளியிடக் கடமைப்பட்டிருக்கின்றன.

அதன்பின் கடன் எவ்வளவு, அதற்குக் கட்டும் வட்டியைப் போல் செயல்பாட்டு லாபம் எத்தனை மடங்கு என்று பார்ப்பதும், அதிபரின் குடும்பத்தாரோடும் அவர்களுடைய மற்றக் கம்பெனிகளோடும் நடந்த கொடுக்கல் வாங்கலைக் குறிப்புகளில் தேடுவதும், வழக்குகளிலும் உத்தரவாதங்களிலும் மறைந்திருக்கும் பொறுப்புகளைக் கணக்கிடுவதும் முக்கியம். புரொமோட்டர்கள் தங்கள் பங்குகளை அடமானம் வைத்திருக்கிறார்களா என்பதையும் பார்க்க வேண்டும். இந்த விவரத்தை வெளியிடுவது கட்டாயமானதே சத்யம் விவகாரத்துக்குப் பிறகுதான். இவை எல்லாம் திருப்தியாக இருந்தால் மாத்திரம், கடைசியாக, இன்றைய விலை பங்கொன்றின் லாபத்தைப் போல் எத்தனை மடங்கு, அதே தொழிலில் உள்ள மற்றக் கம்பெனிகளுக்குச் சந்தை எத்தனை மடங்கு கொடுக்கிறது என்ற விலைக் கணக்குக்கு வரலாம். நல்ல கம்பெனியையும் தகாத விலைக்கு வாங்கி நஷ்டப்பட முடியும் என்பதனால், அந்தக் கணக்கும் வேண்டியதே. ஆனால் அதன் ஸ்தானம் கடைசி.

உத்தியோகத்துக்குப் போய் வரும் ஒருவருக்கு இதற்கெல்லாம் அவகாசம் ஏது என்ற ஆட்சேபம் நியாயமானது. அவகாசம் இல்லாதவர் தம் பணத்தை இண்டெக்ஸ் ஃபண்டிலோ, நீண்ட காலம் ஒழுங்காக நடந்து வரும் மியூச்சுவல் ஃபண்டிலோ மாதாமாதம் சிறுகப் போட்டு வருவதில் அகௌரவம் எதுவும் இல்லை. ஒரு கம்பெனி கவிழ்ந்தாலும் மற்றவை தாங்கும் பாதுகாப்பு அதில் உண்டு. ஆண்டறிக்கையும் படிப்பதில்லை, ஃபண்டிலும் போடுவதில்லை, கேள்விப்பட்ட பெயர்களை வாங்கிக்கொண்டிருப்பேன் என்ற மூன்றாவது வழியைத்தான் முதலீடு என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

பொறுப்பு வாசகருடையது மாத்திரமல்ல. நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு ஆங்கிலத்தில் விரியும் ஆண்டறிக்கையை ஒரு சிறு முதலீட்டாளர் படிக்கவில்லை என்று குறை கூறுகிற நாம், தணிக்கையாளரின் அபிப்பிராயம், ஐந்து வருஷத்துப் பணப்புழக்கம், கடன் விவரம், அதிபர் குடும்பத்தோடு நடந்த கொடுக்கல் வாங்கல் ஆகிய நான்கையும் நான்கே பக்கத்தில் சுருக்கித் தமிழிலும் ஏனைய பிரதேச மொழிகளிலும் வெளியிடும்படி கம்பெனிகளைக் கேட்கும் உரிமையும் உடையவர்கள். செபி இதை விதியாக்கினால் எந்தக் கம்பெனிக்கும் அது பெரிய செலவாகாது. அந்த நாள் வரும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமும் நமக்கில்லை. இந்த வாரமே, உங்களிடம் உள்ள பங்குகளில் அதிகப் பணம் போட்டிருக்கும் ஒரே ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையை எடுத்துத் தணிக்கையாளர் அறிக்கையையும் பணப்புழக்க அறிக்கையையும் ஒரு முறை படியுங்கள். படித்த பிறகும் அதை வைத்திருக்கக் காரணம் சொல்ல முடியுமானால் வைத்திருங்கள், முடியாவிட்டால் விற்றுவிடுங்கள்.