குதிகால் உயர்ந்தால் யாருக்கு என்ன குறைந்தது?

காலை நடை முடிந்ததும் பூங்கா பெஞ்சில் அரைமணி நேர அரட்டை எங்கள் கூட்டத்தில் எழுதப்படாத சட்டம். ஆறு பேர். எல்லோரும் அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள். போன வாரம், வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற நண்பர் தன் போனை எல்லோர் முன்னாலும் நீட்டினார். ஏதோ ஐரோப்பிய ரயில் நிலையம். கோட்டு, டை, லேசான வழுக்கை. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஆள் ஒருவர் நடந்து போகிறார். காலில் கறுப்பு நிறத்தில் நாலு அங்குல ஹை ஹீல்ஸ்.

"கலி முத்திப் போச்சு சார்" என்றார் ஒருவர். "பெண்டாட்டி செருப்பை மாத்திப் போட்டுட்டு வந்துட்டான் போல" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் கொஞ்சம் படித்தவர், "இதுக்கு ஒரு வியாதிப் பேர் இருக்கு" என்று ஆரம்பித்தார். சிரிப்பு அடங்கவே ஐந்து நிமிடம் ஆயிற்று.

"என்ன சார், நீங்கதான் ஷூ கம்பெனிக்காரர். ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறீங்க?" என்று என்னைக் கேட்டார்கள். வெயில் ஏறுகிறது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. பெஞ்சில் சொல்லத் தைரியம் இல்லை. இங்கே எழுதுகிறேன்.

ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ ஏற்றுமதித் தொழிலில் முப்பத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவன் நான். அந்த உரிமையில் முதலில் ஒன்று சொல்கிறேன். அது "பெண்கள் செருப்பு" அல்ல. ஹீல் வைத்த செருப்பைப் பெண்களிடமிருந்து ஆண்கள் திருடவில்லை. நடந்தது நேர்மாறு.

குதிரை மேல் நின்றபடி வில்லில் அம்பு தொடுத்து விடும் பாரசீக வீரனுக்கு, கால் அங்கவடியில் வழுக்காமல் மாட்டி நிற்க வேண்டும். அதற்காகச் செருப்பின் அடியில் ஒரு கட்டை வைத்தான். அதுதான் ஹீல். அது சண்டைக்காரன் சாமான். 1599இல் பாரசீக அரசர் ஷா அப்பாஸ் ஐரோப்பாவுக்குத் தூதுக்குழு அனுப்பினார். பாரசீக மோகம் அங்கே பிடித்துக்கொண்டது. ஐரோப்பியப் பிரபுக்கள் குதிரையை விட்டு இறங்கிய பிறகும் அந்தச் செருப்பைக் கழற்றவில்லை. பார்த்தால் ஆண்மையாக இருக்கிறது என்பதற்காகவே போட்டார்கள்! வயலில் வேலை செய்கிறவன் போட முடியாது, சேற்றில் மாட்டிக்கொள்ளும். அதனால் அந்தஸ்தும் சேர்ந்தது.

பிரான்சின் பதினான்காம் லூயி அரசரை எடுத்துக்கொள்ளுங்கள். 1701இல் ரிகோ என்ற ஓவியர் வரைந்த பெரிய ஓவியம் ஒன்று இருக்கிறது. அரச அங்கி, வெள்ளைக் காலுறை, ஒரு காலை முன்னால் வைத்த நிலை, காலில் சிவப்புக் குதிகால். அவருடைய அவையில் இடம் பெற்றவர்கள்தான் சிவப்புக் குதிகால் போடலாம் என்று கட்டுப்பாடே இருந்தது. இந்த ஆளைப் பார்த்து யார் சிரித்திருப்பார்கள்? சிரித்திருந்தால் தலை இருந்திருக்குமா?

பெண்கள் ஹீல் போட ஆரம்பித்ததே ஆண்களைப் பார்த்துத்தான். 1600களின் முற்பாதியில், ஆண்களைப் போல முடியைக் குறைத்துக்கொள்வது, புகைக்குழாய் பிடிப்பது என்று ஒரு நாகரிகம் வந்தபோது, கூடவே இதுவும் வந்தது. நூறு வருடம் கழித்து, 1700களின் நடுவில், ஆண்கள் ஹீலை விட்டார்கள். ஆண் என்றால் அறிவு, பெண் என்றால் அலங்காரம் என்று பாகம் பிரித்துக்கொண்ட காலம் அது. நம் பெஞ்சில் சிரிக்கிறவர்கள் ஆதி காலத்திலிருந்து வந்த தர்மம் என்று நினைப்பது அந்தப் பாகப்பிரிவினையைத்தான். வயது முந்நூறுகூட இல்லை.

இதையெல்லாம் நான் பணியில் இருந்தபோது தெரிந்துகொள்ளவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 2015இல் மகளைப் பார்க்க டொரன்டோ போயிருந்தேன். "அப்பா, உங்களுக்குன்னே ஒரு இடம் இருக்கு" என்று பாட்டா செருப்பு அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனாள். அந்தச் சமயம் அங்கே ஹீல் போட்ட ஆண்களின் வரலாற்றைப் பற்றியே ஒரு கண்காட்சி. பாரசீகக் குதிரை வீரனில் ஆரம்பித்து அமெரிக்க மாட்டுக்காரனின் பூட்ஸ் வரை. முப்பது வருடம் இந்தத் தொழிலில் சோறு தின்றவன், செய்த சாமானின் சரித்திரத்தை அறுபது வயதில் கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்று படித்தேன்.

அவ்வளவு தூரம் எதற்கு? 1970களுக்குப் போவோம். பீட்டில்ஸ் அதற்கு முன்பே உயர்ந்த ஹீல் பூட்ஸைப் பிரபலமாக்கிவிட்டார்கள். பிறகு எல்டன் ஜான் மேடையில் அடுக்குமாடி போன்ற ஷூவில் நின்றார். அந்த அலை சென்னைக்கும் வந்தது. பெல்பாட்டத்துக்கு அடியில் இரண்டரை அங்குல ஹீல் போடாத கல்லூரிப் பையன் உண்டா? நான் மவுன்ட் ரோட்டில் ஒரு ஜோடி வாங்கி, வீட்டு வாசல்படியில் தடுக்கி விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டவன். போனை நீட்டிய வங்கி நண்பரின் கல்யாண ஆல்பத்தை நான் பார்த்திருக்கிறேன். வரவேற்புப் படத்தில் மாப்பிள்ளை போட்டிருப்பது, ரயில் நிலையத்து ஆள் போட்டதைவிட ஒன்றும் பெரிதாகக் குறைந்ததில்லை. ஊரோடு சேர்ந்து போட்டால் நாகரிகம், தனியாகப் போட்டால் கலி முத்திவிட்டது!

அடுத்தது வியாதி. "இத்தனை ஜோடி வாங்கி அடுக்குகிறானாம்" என்றும் பேச்சு வந்தது. அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ் இறந்த பிறகு அவருடைய செருப்புகளை வைத்துத் தனிக் கண்காட்சியே நடத்தினார்கள். முந்நூறு ஜோடிக்கு மேல், பெரும்பாலும் ஹீல் வைத்தவை, அவர் காலுக்கென்றே செய்தவை. உடைக்குத் தகுந்த துணியிலேயே செருப்பு. அதைப் பார்க்க ஊர் திரண்டது. எங்கள் பெஞ்சில் ஒருவர் வீட்டில் அறுபது ஹெச்.எம்.டி. கடிகாரங்கள் இருக்கின்றன. பாதி ஓடவில்லை. ஞாயிறு தோறும் துடைத்து வைக்கிறார். நாங்கள் அவரை வைத்தியரிடம் போகச் சொன்னதில்லை.

நல்ல ஹை ஹீல் ஷூ ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்தவனுக்குத்தான் அதில் என்ன இருக்கிறது என்று தெரியும். முழு உடம்பின் பாரமும் முன்பாதத்திலும், பின்னால் ஒரு சுண்டு விரல் கனமுள்ள கம்பத்திலும் இறங்குகிறது. நடுவே பாலம் போல ஒரு வளைவு. அதற்குள் கண்ணுக்குத் தெரியாமல் எஃகுப் பட்டை ஒன்று ஒளிந்திருக்கும், ஷாங்க் என்போம். ஹீலுக்குள்ளும் எஃகுக் கம்பி. குதிகால் இருக்கை இரண்டு மில்லிமீட்டர் தப்பினால் போட்டவர் முன்னால் சரிவார். இதற்குள் இருக்கும் கணக்கை ரசிக்கிற ஓர் ஆணைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வராது, கைகொடுக்கத்தான் தோன்றும். சிலருக்கு அதில் வேறு ஆசைகளும் இருக்கலாம். சிலர் பெண்ணாகவே வாழ விரும்புகிறவர்களாக இருக்கலாம். பலர் நம்மைப் போலவே பேன்ட் சட்டையோடு பென்ஷன் வாங்குகிறவர்கள். எதுவானாலும் அது அவரவர் விஷயம். செருப்பு விரும்புகிறவன் காரணம் சொல்ல வேண்டும் என்று யார் வைத்த விதி?

உடம்புக்குக் கெடுதல் என்பார்கள். உண்மை. தினமும் மணிக்கணக்கில் போட்டால் விரல் நசுங்கும், கெண்டைக்கால் தசை குறுகும். மறுக்கவில்லை. ஆனால் இந்த அக்கறை பெண்கள் விஷயத்தில் எங்கே போயிற்று? 2015இல் லண்டனில் ஒரு வரவேற்பாளர் பெண்மணி தட்டையான செருப்புடன் வேலைக்கு வந்தார் என்று வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அவர் கொடுத்த மனுவில் ஒன்றரை லட்சம் பேர் கையெழுத்திட்டு அது பாராளுமன்றம் வரை போனது. 2019இல் ஜப்பானில் பெண்கள் இதே கட்டாயத்தை எதிர்த்து இயக்கம் நடத்தினார்கள். வேண்டாம் என்கிறவளுக்குக் கட்டாயம், வேண்டும் என்கிறவனுக்குக் கேலி. இதில் காலின் ஆரோக்கியம் எங்கே இருக்கிறது?

நான் பெஞ்சிலிருந்து ஏன் எழுந்து வந்தேன் என்று இனிமேல்தான் சொல்ல வேண்டும்.

1994. ஒரு ஜெர்மன் வாடிக்கையாளரிடமிருந்து 120 ஜோடிக்குச் சின்ன ஆர்டர். லேடீஸ் கோர்ட் ஷூ, மூன்றரை அங்குல ஹீல். சைஸ் மட்டும் 43, 44, 45. "யானைக்கா சார்?" என்று கட்டிங் பிரிவில் கேட்டார்கள். ஆண்களுக்கு என்று ஏஜென்ட் மறைக்காமலே சொன்னார். பெண்கள் அச்சைப் பெரிதாக்கினால் சரிவராது. ஆண் பாதம் முன்னால் அகலம், பாரமும் அதிகம். எங்கள் சாம்பிள் மாஸ்டர் புது அச்சே சீவினார். தடித்த ஷாங்க் வைத்தார். யாராவது போட்டு நடந்து காட்ட வேண்டும். லாஸ்டிங் பிரிவில் இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன், கால் சரியாக 43.

முதல் நாள் எல்லோருக்கும் வேடிக்கை. ஆனால் அவன் நன்றாக நடந்தான். "இடது முன்பக்கம் பிடிக்குது மாஸ்டர். ஹீல் கொஞ்சம் பின்னால போனா சரியாயிடும்" என்று துல்லியமாகச் சொன்னான். அவன் சொன்னபடி மாற்றித்தான் சாம்பிள் பாஸ் ஆயிற்று.

பத்து நாள் கழித்து வாட்ச்மேன் வந்து காதில் ஓதினார். ஷிஃப்ட் முடிந்த பிறகு அந்தப் பையன் சாம்பிள் அறையில் தனியாக அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு மேஜைகளுக்கு நடுவே நடக்கிறான். மறுநாள் காலை, மொத்தத் தொழிலாளர்களும் வரிசையில் நிற்கும்போது நான் அவனைப் பார்த்துக் கேட்டேன்: "என்னப்பா, சேலையும் ஒண்ணு எடுத்துத் தரட்டுமா?"

முந்நூறு பேர் சிரித்தார்கள். மானேஜர் ஜோக் அடித்தால் சிரிக்காமல் இருப்பார்களா? நாலு நாள் வந்தான். ஐந்தாம் நாள் வரவில்லை. மாதக் கடைசியில் பாக்கிச் சம்பளம் வாங்க அவன் அப்பா வந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு, போகாமல் நின்றார்.

"எம் பையன் ஏதாச்சும் திருடினானா சார்?"

"இல்லையே."

"யாரையாச்சும் அடிச்சானா?"

"அதெல்லாம் இல்லை."

"அப்ப என்னதான் சார் பண்ணான்? ஊட்டை விட்டு வெளிய வர மாட்டேங்கிறான்."

பதில் சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் போன பிறகு மாஸ்டரிடம் மட்டும் சொன்னேன். அவர் வேலையிலிருந்து தலை நிமிரவே இல்லை. "ஷூ நல்லா இருந்துச்சு, போட்டுப் பாத்தான். போடத்தானே சார் செய்றோம்?" என்றார்.

அந்த ஆர்டருக்கு மறு ஆர்டர் வந்தது. போட்டுப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. விட்டுவிட்டோம். பிற்பாடு மகள் வீட்டில் 'கிங்கி பூட்ஸ்' என்ற ஆங்கிலப் படம் பார்த்தேன். ஆர்டர் குறைந்துபோன நார்தாம்ப்டன்ஷயர் ஆண்கள் ஷூ தொழிற்சாலை ஒன்று, ஆண்கள் காலுக்கு ஹை ஹீல் பூட்ஸ் செய்யத் துணிந்த உண்மைக் கதையை வைத்து 2005இல் எடுத்தது. மகளும் மாப்பிள்ளையும் விழுந்து விழுந்து சிரித்து, கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தண்ணீர் குடிக்கிற சாக்கில் நான் பாதியிலேயே எழுந்து போய்விட்டேன்.

அந்தப் பையனுக்கு இப்போது ஐம்பது தாண்டியிருக்கும். எங்கே இருக்கிறான் என்று தெரியாது. போனில் பார்த்த ஆளின் நடையில் அவனுடைய நடை இருந்தது. முழங்காலை மடக்காமல், அவசரப்படாமல், பார்வை நேராக.

வங்கி நண்பரிடம் நேற்று போனில் பேசினேன். நாளைக் காலை நடைக்கு வரும்போது கல்யாண ஆல்பத்தை எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். எதற்கு என்று கேட்டார். வாருங்கள், பெஞ்சில் சொல்கிறேன் என்றேன்.