சாம்பலுக்குள் விஷம்! கணக்கு எங்கே?

எண்ணூர் பக்கம் மாடியில் துணி காயப்போடும் பெண்களைக் கேட்டால் தெரியும். காலையில் வெள்ளை வேட்டி; சாயங்காலம் சாம்பல் வேட்டி.

"தூசுதானே, உதறினால் போச்சு" என்பார்கள். அது வெறும் தூசு அல்ல.

நிலக்கரியில் பாதரசம், ஆர்சனிக், ஈயம், காட்மியம் எல்லாம் கொஞ்சூண்டு கலந்திருக்கிறது. ஆர்சனிக் ஒரு டன்னுக்கு ஒரு கிராம்தான் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 10 ஆயிரம் டன் எரித்தால் 10 கிலோ ஆச்சு! மளிகைக் கடைக்காரருக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

இன்னொரு சங்கதி. நம் நாட்டு நிலக்கரியில் 100 கிலோவுக்கு 30, 40 கிலோ சாம்பல் மிஞ்சும். கரி எரிந்துபோகிறது, ஆர்சனிக்கில் பெரும்பகுதி போவதில்லை. சாம்பலில் இரண்டு மூன்று மடங்காகச் சேர்ந்து நிற்கிறது. அதிலும் மூக்குக்குள் போகிற நைசான பொடியில்தான் அதிகம். பாதரசமோ ஆவியாகிப் புகைபோக்கி வழியே கிளம்பிவிடும். அப்புறம் தண்ணீரில் இறங்கி, மீனுக்குள் சேரும்.

எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டது. ஆனால் வடசென்னை அனல் மின் நிலையத்தின் சாம்பல் குழாய்கள் பல தடவை உடைந்து, கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்தது. அந்தச் சேற்றில் கையை விட்டுத்தான் ஏழைகள் இறால் பிடிக்கிறார்கள்.

புகையில் பாதரசம் ஒரு கன மீட்டருக்கு 0.03 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று 2015-ல் மத்திய அரசு விதி போட்டது. நல்லது. அளந்தது எவ்வளவு என்று மாதாமாதம் மின் நிலைய வாசலில் எழுதி வைக்கட்டும். சாம்பலில் ஆர்சனிக் எவ்வளவு என்றும் எழுதட்டும். ரேஷன் கடையில்கூட இருப்புப் பலகை தொங்குகிறது. மின்வாரியத்துக்கு மட்டும் என்ன கஷ்டமாம்?