பாடத்தில் இருக்கிறது, கையில் ஏறவில்லை

திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகும் பெற்றோர் பலரும் மகளை நர்சிங்கில் சேர்க்கிறார்கள். சேர்ந்ததும் ஹெபடைடிஸ் பி ஊசி போட்டாயிற்றா என்று கல்லூரி கேட்கும். எச்பிவி (மனித பாப்பிலோமா வைரஸ்) ஊசியைப் பற்றிப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு அந்த வைரஸ்தான் காரணம் என்று பரீட்சையில் எழுதுகிற பெண்ணே ஊசி போடாமல் இருக்கிறாள்.

இது அறியாமை அல்ல. முதல் தடை விலை. 2023 ஜனவரியில் சீரம் நிறுவனத்தின் செர்வாவாக் என்ற எச்பிவி ஊசி வந்த பிறகும் தனியாரிடம் ஒரு டோஸ் சுமார் 2,000 ரூபாய். 15 வயதைத் தாண்டினால் வழக்கமாக மூன்று டோஸ். செக்கிங் டேபிளில் நாள் முழுக்க நின்று சனிக்கிழமை சம்பளம் வாங்கும் அம்மா, நோயே இல்லாத மகளுக்கு ஆறாயிரம் எடுத்து வைப்பாரா? "கல்யாணம் ஆகட்டும் கண்ணு, அப்புறம் பாத்துக்கலாம்" என்பார். உடலுறவு வழியே தொற்றும் வைரஸ் என்பதால் அதற்கு முன்பே போட்டால்தான் முழுப் பலன். மகளுக்கு அது தெரியும். வீட்டில் எப்படிச் சொல்வாள்?

பழைய பயமும் உண்டு. அன்றைய ஆந்திராவின் கம்மத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் நடந்த எச்பிவி தடுப்பூசித் திட்டம், ஏழு சிறுமிகள் இறந்ததால் 2010-ல் நிறுத்தப்பட்டது. இறப்புகளுக்கு ஊசி காரணமாகத் தெரியவில்லை என்றது விசாரணைக் குழு. ஆனால் பல சிறுமிகளுக்குப் பெற்றோருக்குப் பதில் விடுதி வார்டன்கள் சம்மதக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அது பெரிய தவறு. சந்தேகம் இன்றும் தீரவில்லை.

அதைத் தீர்க்க நர்ஸ்களால் முடியும். பக்கத்து மாவட்டமான திண்டுக்கல்லின் கிராமங்களில் கருப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவிப் பெண்களைப் பரிசோதித்தவர்கள் பயிற்சி பெற்ற நர்ஸ்களே. அங்கு கருப்பை வாய்ப் புற்றுநோய் இறப்பு 35 சதவீதம் குறைந்ததாக 2007-ல் லான்செட் இதழில் ஆய்வு வெளிவந்தது. ஊசி போட்டுக்கொண்ட நர்ஸ் சொன்னால் கிராமம் இன்னும் கேட்கும்.

14 வயதுச் சிறுமிகளுக்கான ஊசிக்குத் தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் 36 கோடி ரூபாய் அறிவித்தது. நல்ல முடிவு. ஆனால் இன்று நர்சிங் முதலாண்டில் இருப்பவள் அந்த வயதைக் கடந்துவிட்டாள். மூன்று டோஸ் வழக்கம் என்றாலும், 20 வயது வரை ஒரு டோஸே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-லேயே சொல்லிவிட்டதால், செலவும் பெரிதில்லை. ஹெபடைடிஸ் பி-யோடு இந்த ஒரு டோஸையும் கல்லூரியிலேயே இலவசமாகப் போடலாம். 18 முடிந்தவள் தன் சம்மதத்தைத் தானே எழுதித் தரட்டும். அடுத்த சேர்க்கைக்கு முன்பே மக்கள் நல்வாழ்வுத் துறை இதற்கு உத்தரவு போட வேண்டும்.