நிமிர்ந்து நிற்கும் பை யாருக்குச் சொந்தம்?

துணி துவைக்கும் திரவத்தின் மறுநிரப்புப் பையை நீங்கள் வீட்டில் பார்த்திருப்பீர்கள். காலியாக இருக்கும்போது தாள்போல் தட்டையாகக் கிடக்கும். நிரப்பினால் போத்தலைப்போல் நிமிர்ந்து நிற்கும். இரகசியம் அடிப்பகுதியில் இருக்கிறது. இரு பக்கச் சுவர்களுக்கும் இடையே ஒரு படலத்தை மேல்நோக்கி மடித்து வைத்து, ஓரங்களை வெப்பத்தால் ஒட்டிவிடுகிறார்கள். உள்ளே ஊற்றும் பொருளின் எடை அந்த மடிப்பை விரிக்க, அதுவே பைக்குப் பாதமாகிறது.

1960களின் தொடக்கத்தில் இதை உருவாக்கியவர் பிரான்சைச் சேர்ந்த லூயி டோயன். லியோன் நகரின் திமோனியே நிறுவனத்துக்குத் தலைவராக இருந்தவர். ‘டோய்பேக்’ என்ற பெயரில் அவர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. (திமோனியே என்ற பெயருக்கும் ஒரு கதை உண்டு. பார்த்தெலெமி திமோனியே 1830இல் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பிழைப்பு போய்விடும் என்று அஞ்சிய தையல்காரர்கள் இயந்திரங்களை அடித்து நொறுக்கினார்கள். அவர் வறுமையில்தான் இறந்தார்.)

காப்புரிமை ஒரு கொடுக்கல் வாங்கல். கண்டுபிடித்தவர் செய்முறையை ஒளிக்காமல் எழுதிக் கொடுக்கிறார். பதிலுக்கு, மற்றவர்கள் அதைச் செய்யாமல் தடுக்கும் உரிமையைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பெறுகிறார். இன்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அது விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். அதன்பின் கண்டுபிடிப்பு எல்லாருக்கும் பொது. வர்த்தக முத்திரை அப்படியல்ல. கட்டணம் செலுத்திப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். சண்டை மூள்வது இந்த இடைவெளியில்தான்.

காப்ரி-சன் பழச்சாற்றைத் தயாரித்த ஜெர்மானிய நிறுவனம், நிற்கும் பையின் எட்டு வடிவங்களை ஐரோப்பிய வர்த்தக முத்திரையாகப் பதிவுசெய்ய 1997இல் விண்ணப்பித்தது. பெயரோ படமோ இல்லாத வெறும் வடிவம். வழக்கு லக்ஸம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம்வரை சென்று, 2006 ஜனவரி 12ஆம் நாள் தோற்றது. வெறும் பையின் வடிவத்தைப் பார்த்து இது இன்னார் தயாரிப்பு என்று வாங்குபவர் அறிவதில்லை. துறையின் வழக்கத்திலிருந்து வெகுவாக விலகிய வடிவமாக இருந்தால்தான் முத்திரையாகும் என்பது தீர்ப்பின் சாரம்.

தீர்ப்பு சரி என்பதே என் கருத்து. என் காரணம் நீதிமன்றம் சொன்னதைவிட எளிமையானது. வாசல் வழியே வெளியேறிய ஏகபோகத்தைச் சன்னல் வழியே திரும்ப வரவிட்டால், கையில் முதலில்லாத இளையர் புதிதாக எதையும் தொடங்க முடியாது.

தொடங்க வேலையும் நிறைய இருக்கிறது. இந்தப் பைகள் பலவற்றில் வெவ்வேறு நெகிழிகளும், சிலவற்றில் அலுமினியமும் அடுக்கடுக்காக ஒட்டியிருப்பதால் மறுசுழற்சி கடினம். நல்ல தீர்வு காண்பவருக்குப் புதிய காப்புரிமை கிடைக்கலாம்.

புத்தாக்கப் போட்டிக்குத் தயாராகும் மாணவர்களே, ஒன்று கேளுங்கள். கண்காட்சியில் வைப்பதற்கு முன்பே, காப்புரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டுமா என்று ஆசிரியரிடம் பேசிவிடுங்கள். நீங்களே வெளியிட்டிருந்தால், மலேசியச் சட்டம் அதற்குப் பிறகும் ஓராண்டு அவகாசம் தருகிறது. ஐரோப்பாவில் அந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது. பொதுவில் காட்டியது பழையதாகிவிடும். பரிசுக் கோப்பையோடு படம் எடுத்துச் சமூக ஊடகத்தில் போடுவதை விண்ணப்பம் கொடுத்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.